தண்டே விதை: மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு, யாக்கோன் நடவுக்கு முழுமையான வழிகாட்டி

மாடித்தோட்டம் போடத் தொடங்கியவர்கள் பலரிடமிருந்து வரும் கேள்வி இது: சந்தையில் வாங்கிய மரவள்ளிக் கிழங்கைத் தொட்டியில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினோம், முளைக்காமல் அழுகிவிட்டது. உருளைக்கிழங்கு மட்டும் எப்படி முளைக்கிறது?

உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்துப்போன தண்டு. அதன்மேல் தெரியும் கண்கள் எல்லாம் மொட்டுகள். மரவள்ளியோ பருத்த வேர். அதில் மொட்டே கிடையாது. எத்தனை நாள் புதைத்து வைத்தாலும் தளிர் வராது. ஆண்டிஸ் மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட யாக்கோனிலும் நாம் தின்னும் பகுதி இப்படி மொட்டில்லாத வேர்தான். சர்க்கரைவள்ளியும் வேரே என்றாலும் புதிதாக மொட்டு உண்டாக்கிக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. சிறுகிழங்கு உருளைக்கிழங்கைப் போலத் தண்டுக்கிழங்கு, முளைக்கும். ஆனாலும் இவ்விரண்டிலும் வயலுக்குப் போவது கிழங்கு அல்ல, கொடிதான்.

ஆக, இந்தப் பயிர்கள் எல்லாவற்றிலும் தண்டுதான் விதை. பூத்துக் காய்த்த விதையிலிருந்து ஒரு செடி புதிதாகப் பிறக்கிறது. நடவுக்கு வெட்டிய தண்டுத் துண்டான கரணையில் அப்படியில்லை, போன வருடத்துச் செடியே மறுபடியும் தொடர்கிறது. அதன் விளைச்சல் திறனும் மாவுச்சத்தும் அப்படியே வரும், நோயும் அப்படியே வரும். மருந்தில் நனைப்பதற்கும் உரம் வைப்பதற்கும் காட்டும் அக்கறையில் பாதியை எந்தச் செடியிலிருந்து குச்சி எடுக்கிறோம் என்பதில் காட்டினாலே பெரும்பாலான தோல்விகள் நடவுக்கு முன்பே தவிர்ந்துவிடும். அதனால்தான் இந்த வழிகாட்டி தாய்ச்செடியிலிருந்து தொடங்குகிறது.

மரவள்ளி: முதலில் தாய்ச்செடி

சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு என்று சொல்லப்படும் மரவள்ளிக்குப் பெரிய எதிரி தேமல் நோய். இலை நெளிந்து, சுருங்கி, பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகத் தெரியும். வைரஸ் நோய் என்பதால் பாதித்த செடியை எந்த மருந்தாலும் குணப்படுத்த முடியாது. வயலுக்குள் வெள்ளை ஈக்கள் இதைப் பரப்புகின்றன. ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது நாம் வண்டியில் ஏற்றும் குச்சிக்கட்டுதான். தமிழ்நாட்டில் பரவலாக இருக்கும் ஸ்ரீலங்கா மரவள்ளித் தேமல் வைரஸ் 2015இல் கம்போடியாவில் தென்பட்டு, அங்கிருந்து சில ஆண்டுகளுக்குள் வியட்நாம், தாய்லாந்து, தென்சீனம் என்று பரவியது. எல்லை தாண்டிப் போன நடவுக்குச்சிகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

மாவுப்பூச்சியும் இப்படித்தான் பயணம் செய்கிறது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே நம் மரவள்ளி மாவட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. அதைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் விடத் தொடங்கினார்கள். குளவிகள் தம் வேலையைச் செய்யும். ஆனால் கணு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும் குச்சியை நாமே வாங்கி வந்து நட்டால் அவற்றின் உழைப்பு வீண்தான்.

தாய்ச்செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் அறுவடை நாள் அல்ல. அப்போது அடியிலை எல்லாம் உதிர்ந்து, செடி மொட்டையாக நிற்கும். தேமல் இருந்ததா என்று கண்டுபிடிப்பது கடினம். நட்ட மூன்றாம் மாதத்தில் வயலைச் சுற்றி வந்து, சுத்தமான இலையுள்ள செடிகளில் ஒரு துணியோ கயிறோ கட்டிவிடுங்கள். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பு மறுபடியும் பார்த்து, இடையில் நோய் கண்டவற்றின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கிழங்கு பிடுங்கும்போது கயிறு கட்டிய செடிகளிலும் நல்ல விளைச்சல் தந்தவற்றின் தண்டை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். கூலி ஆட்கள் எல்லாக் குச்சியையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுவது வழக்கம். அந்த ஒரு நாள் நீங்கள் வயலில் நின்றே ஆக வேண்டும்.

சொந்த வயல் இல்லாதவர்கள் குச்சி வாங்கும்போது, வெட்டிய கட்டைப் பார்த்து விலை பேசாமல், செடி நிற்கும்போதே வயலைப் போய்ப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தேமல் கடுமையாக இருக்கும் ஊர்களில் ரகத்தையே மாற்றுவது நல்லது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீ ரக்ஷா போன்ற தேமல் எதிர்ப்பு ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

தண்டிலிருந்து கரணை

எட்டு முதல் பத்து மாதம் ஆன, 2 முதல் 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள தண்டு வேண்டும். நுனிப்பகுதி பசுமையாக, நீர்ச்சத்தோடு இருக்கும், வெயிலில் வாடிவிடும். அடிப்பகுதி முற்றிக் கட்டையாகியிருக்கும், முளைக்க நேரமாகும். இரண்டையும் கழித்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். தண்டு முற்றியிருக்கிறதா என்று அறிய வெட்டுவாயைப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, மென்மையாக இருக்கும் சோறு தண்டின் மொத்த விட்டத்தில் பாதிக்கு மேல் இருந்தால் அது இளந்தண்டு, வேண்டாம்.

தண்டு உயிரோடு இருக்கிறதா என்பதற்கு இன்னும் எளிய சோதனை உண்டு. கத்தி பட்ட அடுத்த மூன்று நொடிக்குள் வெட்டுவாயின் ஓரத்தில் வெள்ளைப் பால் துளிர்க்க வேண்டும். பால் வரத் தயங்கினாலோ, வெட்டுவாய் பழுப்பாகத் தெரிந்தாலோ இன்னும் சற்று உள்ளே தள்ளி வெட்டிப் பாருங்கள். அங்கும் பால் இல்லையென்றால் அந்தக் குச்சி அடுப்புக்குத்தான் ஆகும்.

கரணையின் நீளம் 15 முதல் 20 சென்டிமீட்டர். எட்டு முதல் பத்து கணுக்கள் இருக்க வேண்டும். அரிவாளால் ஓங்கி வெட்டினால் முனை நசுங்கி, பட்டை பிளந்து, அந்த வழியாக அழுகல் நுழையும். கூர்மையான கத்தியோ இரும்பறுக்கும் ரம்பமோ நல்லது. அடிமுனையைச் சாய்வாக வெட்டாதீர்கள். நேராக, வட்டமாக வெட்டினால் வெட்டுவாயைச் சுற்றிலும் ஒரே சீராகத் திசு வளர்ந்து மூடும்; வேர்களும் எல்லாப் பக்கமும் பரவி இறங்கும். சாய்த்து வெட்டினால் வேர்கள் ஒரே பக்கமாகக் குவிந்துவிடும்.

கரணைகளை வெட்டிக் குவித்த பிறகு எது தலை, எது அடி என்ற குழப்பம் வரும். ஒரு கணுவை உற்றுப் பாருங்கள். இலைக்காம்பு உதிர்ந்த இடத்தில் புடைத்த ஒரு தழும்பு இருக்கும். அதை ஒட்டி, ஊசிமுனை அளவில் ஒரு மொட்டு இருக்கும். மொட்டு எப்போதும் தழும்புக்கு மேலேதான். தழும்பு கீழே, மொட்டு மேலே என்று பிடித்தால் கரணை சரியாக நிற்கிறது. தலைகீழாக நட்டதும் முளைக்கக்கூடும். ஆனால் தாமதமாகும், கிழங்கும் சரியாக இறங்காது.

அறுவடைக்கும் நடவுக்கும் இடைவெளி இருந்தால் தண்டை முழுதாகவே வைத்திருங்கள்; நடவு நாளில் மட்டும் வெட்டுங்கள். மர நிழலில், காற்றோட்டமான இடத்தில், அடி தரையில் படும்படி செங்குத்தாகச் சாத்தி வைத்தால் இரண்டு மாதம் வரை தாங்கும். படுக்கை வசமாக அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், கணுக்களும் கண்டபடி முளைத்துச் சத்தை இழக்கும்.

நேர்த்தியும் நடவும்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி கலந்து, கரணைகளை 15 நிமிடம் ஊறவைத்து நிழலில் உலர்த்துவது பொதுவான பரிந்துரை. மானாவாரியில் நடுபவர்களுக்கு வேறொரு முறை பயன்படும். லிட்டருக்கு 5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, அதோடு துத்தநாக சல்பேட்டும் இரும்பு சல்பேட்டும் தலா 5 கிராம் கலந்த கரைசலில் 20 நிமிடம். பிறகு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்களை லிட்டருக்குத் தலா 30 கிராம் கரைத்த தண்ணீரில் 20 நிமிடம். ஈரம் குறைந்த மண்ணில் முளை தாக்குப்பிடிக்க இது உதவும். பூஞ்சாணக்கொல்லியையும் உயிர் உரத்தையும் ஒரே வாளியில் கலக்க வேண்டாம். உயிர் உரத்தில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள்.

கிளைக்கும் ரகங்களுக்கு 90க்கு 90 சென்டிமீட்டர், கிளைக்காமல் நேராக வளர்பவற்றுக்கு 75க்கு 75 சென்டிமீட்டர் இடைவெளி. முதல் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 5,000 கரணைகள், இரண்டாவதில் சுமார் 7,200. ஒரு செடி ஏறத்தாழ பத்து கரணை தரும் என்று வைத்துக்கொண்டு, கழிவுக்கும் சேர்த்துத் தாய்ச்செடிகளுக்குக் கயிறு கட்டுங்கள்.

பாரின், அதாவது மண்ணை அணைத்த மேட்டு வரிசையின், பக்கவாட்டில் கரணையைச் செங்குத்தாக, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் ஊன்றுங்கள். பாதிக் கரணை மண்ணுக்குள் போனால்தான் பிடிப்பு இருக்கும் என்று நினைத்துப் பலர் ஆழமாக நடுகிறார்கள். ஈரமான மண்ணில் அது அழுகலுக்கு வழி; கிழங்கும் ஆழத்தில் இறங்கி, பிடுங்கும்போது ஒடியும். நடும்போது ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். பிறகு மூன்றாம் மாதம் வரை வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை போதும்.

இரண்டு வாரத்தில் பெரும்பாலானவை முளைத்துவிடும். முளைக்காத இடங்களில் உடனே பாடுவாசி நிரப்புங்கள். அதற்குச் சிறு கரணை வேண்டாம், 40 சென்டிமீட்டர் நீளமுள்ளதை நட்டால்தான் பக்கத்துச் செடிகளின் நிழலில் பின்தங்காது. தளிர்கள் ஒரு சாண் வளர்ந்ததும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள்.

இந்த நேரத்தில் ஒரு செடியையும் விடாமல் பார்க்க வேண்டும். முதலில் விரிந்த இலைகளிலேயே தேமல் தெரிந்தால் நோய் கரணையோடு வந்தது. அந்தச் செடியைப் பிடுங்கி அழித்துவிடுங்கள். அடியிலைகள் சுத்தமாக இருந்து மேலிலைகளில் மட்டும் தெரிந்தால் பின்னால் வெள்ளை ஈ கொண்டுவந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அடுத்த பருவத்தில் எதைத் திருத்துவது என்பதும் தெரிந்துவிடும்.

நாற்றங்கால் வழியும் இரு கணு முறையும்

நேரடியாக வயலில் நடுவதைவிட நாற்றங்கால் வழியையே நான் பரிந்துரைப்பேன். கரணைகளை 4 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகப் பாத்தியில் ஊன்றித் தண்ணீர் விட்டு வந்தால், மூன்றிலிருந்து நான்கு வாரத்தில் தேமல் உள்ளவை தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றைக் கழித்துச் சுத்தமானவற்றை மட்டும் வேரோடு எடுத்து வயலில் நடலாம். ஒரு ஏக்கரைச் சுற்றித் தேடிப் பிடுங்கும் வேலை ஒரு சிறு பாத்திக்குள் முடிந்துவிடுகிறது, தண்ணீரும் மிச்சம்.

நல்ல ரகத்தின் குச்சி கொஞ்சமே கிடைத்தால் இரு கணு முறை கைகொடுக்கும். தண்டை இரண்டு கணு மட்டும் உள்ள சிறு துண்டுகளாக வெட்டி, இலேசான நிழல்வலைக்குள், மேட்டுப்பாத்தியிலோ தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டிலோ படுக்கை வசமாக வைத்து மெல்ல மூடுங்கள். துண்டு சிறிது என்பதால் அதில் சேமிப்பும் குறைவு; ஒரு நாள் காய்ந்தாலும் போய்விடும். தினமும் பூவாளியால் நனையுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் வயலுக்குத் தயார். வழக்கமான முறையில் ஒன்று பத்தாகும் இடத்தில், இந்த முறையில் ஒன்று அறுபதாகப் பெருக்கலாம் என்று மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. இந்த முறையிலும் நாற்றங்காலில் தேமல் கழிப்பை விட்டுவிடாதீர்கள். நோயுள்ள ஒரு தண்டை அறுபதாகப் பெருக்குவதைவிடக் கேடு வேறில்லை.

சர்க்கரைவள்ளி: கொடி நாற்றங்கால்

இங்கே இரண்டு கட்டம். ஓர் ஏக்கருக்கு, வண்டு துளைக்காத, 125 முதல் 150 கிராம் எடையுள்ள கிழங்குகள் சுமார் 40 கிலோ வேண்டும். 60 சென்டிமீட்டர் இடைவெளியிட்ட பார்களில் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இவற்றை நடுங்கள். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் கொடி ஓடிவிடும். அதை 20 முதல் 30 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, அதைவிடப் பெரிய இரண்டாம் நாற்றங்காலில் நட்டு இன்னொரு நாற்பது நாள் வளர்த்தால் வயலுக்குத் தேவையான கொடி கிடைக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு இத்தனை வேண்டாம். ஈரமணல் தட்டில் ஒரு கிழங்கைப் பாதி புதைத்தாலே போதிய தளிர் வரும்.

கொடியின் நுனித்துண்டுதான் முதல் தரம், அதற்கடுத்த துண்டு இரண்டாம் தரம். அடிக்கொடி வேண்டாம் என்பதற்கு வலுவான காரணம் கூன்வண்டு. அது முற்றிய அடிக்கொடியில் முட்டையிடும். அந்தத் துண்டை நட்டால் வண்டையும் சேர்த்தே நடுகிறோம்.

வெட்டிய கொடியை அன்றே நட வேண்டியதில்லை. இலையோடு கட்டாகக் கட்டி, இரண்டு நாள் நிழலில் வைத்திருங்கள். பிறகு கணுக்களைப் பாருங்கள்: இலைக்காம்பின் அடியில் வெள்ளையாக, கடுகைவிடச் சிறிதாக முனைகள் தலைநீட்டியிருக்கும். அவை வேர்கள். இந்த நிலையில் நட்ட கொடி விரைவாகப் பிடித்துக்கொள்ளும்.

நடவு 60க்கு 20 சென்டிமீட்டர். கொடியின் நடுப்பகுதியில் இரண்டு, மூன்று கணுக்கள் மண்ணுக்குள் போக, இரு முனையும் வெளியே தெரியும்படி பதியுங்கள். கொடி படர்ந்த பிறகு மாதம் ஒருமுறை தூக்கிப் புரட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு, விரல் பருமனில் சிறுசிறு கிழங்காகச் சிதறிவிடும். மண் அணைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பார் வெடித்தால் அந்த வெடிப்பு வழியாகவே கூன்வண்டு கிழங்கை எட்டும்.

சிறுகிழங்கு

தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்துப் பொங்கல் படையலில் சிறுகிழங்குக்கு இடம் உண்டு. அந்த நேரத்துக்குக் கிழங்கு வருவதில் பயிரின் இயல்பும் சேர்ந்திருக்கிறது: பகல் பொழுது சுருங்கும் காலத்தில்தான் இது நன்றாகக் கிழங்கு வைக்கும்.

வயல் நடவுக்கு ஒன்றரை மாதம் முன்பே 15 முதல் 20 கிராம் எடையுள்ள விதைக்கிழங்குகளை நாற்றங்காலில் நடுங்கள். கொடி எழுந்ததும் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு நுனியைக் கிள்ளி, மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தியில் படுக்கை வசமாக வைத்து, 4, 5 சென்டிமீட்டர் மண் மூடி, நுனிமொட்டு மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். இதன் தண்டு சாறு நிறைந்தது, கை பட்டாலே ஒடியும். காலையில் கிள்ளி மாலையில் நட்டுவிடுவது நல்லது. வேர்முடிச்சு நூற்புழு இதற்குத் தீராத தொல்லை என்பதால் விதைக்கிழங்கில் முண்டும் முடிச்சும் இருந்தால் எடுக்காதீர்கள். போன வருடம் இதே பயிர் நின்ற பாத்தியில் நாற்றங்கால் போடவும் வேண்டாம்.

மருந்துக்காகப் பயிரிடும் மருந்துக்கூர்க்கனும் இதே குடும்பம்தான். 10, 12 சென்டிமீட்டர் நுனித்துண்டை, மூன்று நான்கு இணை இலைகளோடு நிழலில் வேர்விடச் செய்து நடுகிறார்கள்.

யாக்கோன்

பெரு, பொலிவியா, ஈக்வடார் மலைச்சரிவுகளில் தலைமுறைகளாகப் பயிராகிவரும் இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆளுயரம் வளரும், நேபாளத்திலும் இப்போது பயிராகிறது. தின்னும் வேர் நீர்ச்சத்தோடு மொறுமொறுப்பாக, பச்சையாகவே தின்னும்படி இருக்கும். விதை பிடிப்பதும் முளைப்பதும் அரிது. அதனால் தண்டு அல்லது தூர்தான் வழி.

செடியைப் பிடுங்கினால் இரண்டு வகைப் பகுதி தெரியும். கீழே தொங்குபவை பெரிய, வழவழப்பான வேர்கள்; அவை உணவுக்கு. அவற்றுக்கு மேலே, தண்டின் அடியைச் சுற்றி, இஞ்சிக் கொத்தைப் போல முண்டு முண்டாக, ஊதாச் சாயல் மொட்டுகளோடு இருப்பதுதான் தூர். ஆண்டிஸ் உழவர்கள் அடுத்த பருவத்துக்கு எடுத்து வைப்பது இந்தத் தூர்த்துண்டுகளை. ஒவ்வொரு துண்டிலும் சில மொட்டுகள் இருக்கும்படி வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்து, ஈரமணலில் பதித்தால் முளைக்கும்.

தூர் கொஞ்சமாக இருந்தால் வெட்டுத்துண்டு முறைதான் பெருக்கித் தரும். தூரிலிருந்து எழும் தளிர்கள் 10, 15 சென்டிமீட்டர் உயரமானதும், அடியில் தூரின் சிறு பகுதியும் சேர்ந்து வரும்படி கத்தியால் எடுங்கள். வளர்ந்த தண்டிலிருந்தும் இரண்டு கணுத் துண்டுகளாக எடுக்கலாம். ஆனால் செடி பூக்கத் தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். முற்றிய தண்டு உள்ளே குழலாகிவிடும். அது வேர்விடுவதற்குள் அழுகும். இலைகள் மிகப் பெரியவை. அப்படியே விட்டால் வேர் வருவதற்குள் துண்டிலுள்ள ஈரத்தை எல்லாம் இழுத்து வெளியேற்றிவிடும். அடி இலைகளை நீக்கிவிட்டு, மேலே இருப்பவற்றைப் பாதியாக நறுக்குங்கள்.

கழுவிய ஆற்றுமணலோடு தென்னை நார்க்கழிவைச் சம அளவில் கலந்து, ஒரு கணு உள்ளேயும் ஒரு கணு வெளியேயும் இருக்கும்படி நடுங்கள். மேலே பாலித்தீன் கூடாரம் போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். கூடாரத்துக்குள் நீர்த்துளி வழியும் அளவுக்குப் புழுக்கம் வேண்டாம். நாளுக்கு ஒருமுறை திறந்து காற்று விடுங்கள். சில வாரம் கழித்து இலேசாக இழுத்துப் பாருங்கள், பிடிப்புத் தெரிந்தால் வேர் வந்துவிட்டது.

இது குளிர்ச்சியான மலைப்பகுதிப் பயிர். சமவெளியின் சித்திரை வெயிலில் இதை வைத்துப் போராடுவது பலன் தராது. உறைபனி விழும் உயரத்திலும் மேல்செடி கருகிவிடும். வெளிநாட்டிலிருந்து தூரையோ தண்டையோ பையில் போட்டுக் கொண்டுவர நினைக்காதீர்கள். தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளின்படி அதற்கு அனுமதி வேண்டும். மரவள்ளித் தேமலும் மாவுப்பூச்சியும் தூரதேசங்களுக்குப் போனது பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு தண்டுகளில்தான். உள்நாட்டில் ஏற்கெனவே வளர்ப்பவரிடம், செடியை நேரில் பார்த்து வாங்குங்கள்.

வேர் பிடித்த துண்டுகளைத் தனித்தனிப் பைக்கு மாற்றி, ஒரு வாரம் கூடாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். நான்கைந்து புதிய இலைகள் வந்ததும், தொழுவுரம் கலந்து ஆழமாகக் கொத்திய மண்ணில், செடிக்குச் செடி ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டு நடலாம். ஆறு முதல் பத்து மாதத்தில் அறுவடை. பிடுங்கும் அன்றே அடுத்த பருவத்துக்கான தூரைப் பிரித்து, நன்கு விளைந்த செடிகளுடையதை மட்டும் ஈரமணலில் புதைத்து வைத்துவிடுங்கள்.